தொலைக்காட்சித் தொடரும் நாமும்: திருமுருகனின் நாடகங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

2003 ஆம் ஆண்டளவில் மல்வேர்னில், நெய்ல்சன் வீதிக்கு அண்மையில் இருந்த எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் நண்பர்கள் சிலர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடுவோம். நின்றுபோன சஞ்சிகைகள் பற்றியும் இனிக் கொண்டுவரவேண்டிய சஞ்சிகை பற்றியும் பேச்சு நடக்கும். கிராம்ஷி வருவார், அல்தூஸர் வருவார், வெகுஜனப் பண்பாட்டின் மீதான கண்டனம் தவறாமல் வரும். அதே நேரத்தில் மேலே வரவேற்பறையில் அம்மாவும் அயலிலுள்ள நாலைந்து பெண்களும் 'மெட்டி ஒலி' பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கிழமைக்குரிய அங்கங்கள் ஒரு வீடியோக் கசற்றில் பதியப்பட்டுக் கடையில் வாடகைக்குக் கிடைத்த காலம் அது. மேலேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டால் கீழே நாங்கள் சிரிப்போம். தேநீர் மட்டும் மேலேயிருந்துதான் வரவேண்டும். விளம்பரமும் கசற்றில் சேர்ந்தே பதியப்பட்டிருக்குமாதலால், அந்த இடைவெளியில் அது வந்து சேரும்.

ஒருநாள் தேநீர்க் கோப்பைகளை எடுக்க மேலே போனபோது அம்மாவிடம் கேட்டேன்: "உதுகளைப் பார்த்து ஏனம்மா அழுகிறியள்?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்த மனிசனுக்கு அஞ்சும் பொம்பிளைப் பிள்ளையள் தம்பி. ஒரு ஆம்பிளைப் பிள்ளை இருந்திருந்தா வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும்."

அதன்பின் கீழே போய் நான் அன்றைய விவாதத்தில் கலந்துகொண்டதாக நினைவில்லை. 1986 இல் என்னை அனுப்பிய வீட்டில் எனக்குப் பின்னால் இரண்டு தங்கச்சிமார் இருந்தார்கள். இந்தக் கட்டுரையை எழுத இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறது. அன்றைய எங்கள் சிரிப்பு சோம்பேறித்தனமானது என்று இன்று கருதுகிறேன். அதேவேளை, 'மக்கள் பார்க்கிறார்கள், ஆகவே அது மக்கள் கலை' என்று இப்போது சொல்லப்படுகின்ற எதிர்வாதமும் அதற்குக் குறையாத சோம்பேறித்தனமானது. இரண்டுக்கும் நடுவில் நின்று பார்ப்பதற்கு ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவர் 'மெட்டி ஒலி'யை இயக்கிய திருமுருகன்.

1

தொடர் நாடகம் என்ற வடிவம் 1930களில் அமெரிக்க வானொலியில் பிறந்தது. பகலில் வீட்டிலிருக்கும் பெண்களிடம் சவர்க்காரம் விற்க விரும்பிய கம்பனிகள் அதற்குப் பணம் கொடுத்தன. 'சோப் ஒபரா' என்ற பெயரே அங்கிருந்துதான் வந்தது. ஆக, விளம்பரம் இந்த வடிவத்துக்குள் பின்னர் நுழைந்த ஒன்றல்ல. வடிவத்தைப் பெற்றெடுத்ததே விளம்பரம்தான்.

தமிழில் இது வேறு வழியாக வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 இல் தொடங்கியது. அரசுத் தொலைக்காட்சியின் காலத்தில் நாடகம் என்றால் ஒற்றை நாடகம், அல்லது வாரம் ஓர் அங்கமாகச் சில மாதங்களில் முடிந்துவிடும் தொடர். 1990 இல் கே. பாலசந்தர் 'ரயில் சினேகம்' எடுத்தபோது, ஒரு புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் சிறிய திரையை மதித்து வந்தார் என்பதே செய்தியாக இருந்தது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னரும் சில ஆண்டுகள் வாரத் தொடர்களே முதன்மையாக இருந்தன. 1999 இன் இறுதியில் தொடங்கிய ராதிகாவின் 'சித்தி'யோடுதான், வாரத்தில் ஐந்து நாளும் இரவில் ஓடும் நெடுந்தொடர் தமிழ் வீடுகளின் நேர ஒழுங்காக மாறியது. சாப்பாட்டு நேரம், தொலைபேசி எடுக்கும் நேரம், விருந்தினர் வரக்கூடிய நேரம் எல்லாம் தொடரைச் சுற்றி அமையத் தொடங்கின.

2002 இல் 'மெட்டி ஒலி' வந்தபோது களம் தயாராக இருந்தது. 2005 வரை அது ஓடியது. எண்ணூறுக்கு மேற்பட்ட அங்கங்கள். விளம்பரம் நீங்கலாக ஓர் அங்கத்துக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் ஏறத்தாழ 270 மணித்தியாலங்கள். இரண்டரை மணித்தியாலத் திரைப்படங்களாகக் கணக்கிட்டால் நூற்றுக்கு மேல். ஒரு திரைப்பட இயக்குநர் தன் வாழ்நாள் முழுவதும் எடுக்காத அளவு காட்சிகளைத் திருமுருகன் மூன்றரை ஆண்டுகளில் எடுத்தார். இந்த அளவை மனதில் இருத்தாமல் தொடர்களின் 'தரம்' பற்றிப் பேசுவதில் பயனில்லை.

2

எங்கள் கூட்டங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இதற்கு யார் பணம் போடுகிறார்கள்? நாங்கள் மார்க்சியர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். உற்பத்தி உறவை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் விமர்சித்தோம்.

அந்த ஆண்டுகளில் சன் தொலைக்காட்சியில் பரவலாக இருந்த முறை இது: தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் செலுத்தி அரைமணி நேரத்தைப் பெறுவார். அந்த அரைமணிக்குள் குறிப்பிட்ட அளவு விளம்பர நேரம் அவருக்கு உரியது. அதை நகைக்கடைக்கும் சேலைக்கடைக்கும் மசாலாத்தூள் கம்பனிக்கும் விற்றுத்தான் கட்டணத்தையும் படப்பிடிப்புச் செலவையும் அவர் எடுக்கவேண்டும். நட்டம் வந்தால் தயாரிப்பாளருடையது. நேரம் எப்போதும் தொலைக்காட்சியினுடையது. நிலவுடைமையாளருக்கும் குத்தகைக்காரருக்கும் இருக்கும் உறவு இதுதான் என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குத்தகைக்காரன் நிலத்தை இடையில் விடமாட்டான். ஒரு தொடர் பார்வையாளரைப் பிடிக்க மாதங்கள் ஆகும். விளம்பர விலை ஏறுவது அதற்குப் பின்னர்தான். ஆகவே வெற்றிபெற்ற தொடரை முடிப்பது என்பது காய்க்கத் தொடங்கிய மரத்தை வெட்டுவது போன்றது. அடுத்த தொடர் மறுபடியும் பூச்சியத்திலிருந்து தொடங்கவேண்டும். 'ஏன் இழுக்கிறார்கள்?' என்ற நிரந்தரக் கேள்விக்கு இதுவே விடை.

வடிவத்தின் மற்ற அம்சங்களும் இப்படியே விளங்கும். நடிகர்களுக்கு நாட்கணக்கில் சம்பளம். எனவே ஒரு வீட்டில் நடக்கும் காட்சிகள், அவை எந்த அங்கத்துக்கு உரியவையாயினும், ஒன்றாக எடுக்கப்படும். கலியாணமும் செத்தவீடும் வாரக்கணக்கில் நீள்வதற்கு, எல்லாப் பாத்திரங்களையும் ஓரிடத்தில் வைத்துப் பல அங்கங்களை எடுத்துவிடலாம் என்பதும் ஒரு காரணம். ஒரு வசனத்துக்கு ஆறு முகங்கள் மாறிமாறித் திகைப்பது நிமிடத்தை நிரப்புகிறது. அதே நேரத்தில், அடுப்படியில் நின்று காதால் மட்டும் கேட்கும் பெண் ஓடிவந்து பார்ப்பதற்கு அவகாசமும் கொடுக்கிறது. நடிகர் ஒருவர் விலகினால் 'இவருக்குப் பதில் இவர்' என்ற எழுத்து திரையில் வரும், கதை நிற்காது. வெள்ளிக்கிழமை அங்கம் மற்ற நாட்களைவிடப் பெரிய அதிர்ச்சியில் முடியும், ஏனெனில் இரண்டு நாள் இடைவெளியைத் தாண்டிப் பார்வையாளர் திரும்பி வரவேண்டும்.

3

இந்த இயந்திரத்துக்குள் திருமுருகன் செய்தது என்ன?

'மெட்டி ஒலி'யின் கதை ஒரு வரியில் அடங்கும். மனைவியை இழந்த சிதம்பரம் என்ற முதியவர் தன் ஐந்து பெண்களையும் கட்டிக்கொடுக்கிறார், கொடுத்த பின் அவர்கள் படும் பாட்டைப் பார்க்கிறார். டெல்லி குமார் சிதம்பரமாக நடித்தார். தனம், சரோ, லீலா, விஜி, பவானி என்ற பெயர்கள் மல்வேர்னில் சொந்தக்காரர்களின் பெயர்களைப்போலப் புழங்கின. சரோவின் மாமியார் ராஜத்தை அம்மாவும் தோழிகளும் திட்டிய விதத்தில் அவர்களுடைய சொந்த மாமியார்கள் எத்தனைபேர் திட்டு வாங்கினார்கள் என்று கணக்கிட முடியாது. விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021 இல் இளவயதிலேயே காலமான செய்தி வந்தபோது, அயலில் ஒரு சாவு நடந்ததைப்போல எங்கள் வீட்டுத் தொலைபேசி அன்று முழுவதும் ஒலித்தது.

இந்தத் தொடரில் மாளிகை இல்லை. கீழ்நடுத்தர வர்க்க வீடும் முற்றமும் திண்ணைப் பேச்சும்தான் இருந்தன. ஆண்கள் அழுதார்கள். வில்லத்தனம் ஒரு தனிமனிதரின் பிறவிக்குணமாக வராமல், சம்பந்தி முறை, மாமியார் முறை, மருமகன் முறை என்ற உறவுமுறைகளின் வழியே வந்தது. திருமுருகனே கோபி என்ற பாத்திரத்தில் நடித்தார். வீரமோ அழகோ பேசப்படாத, உதவிக்கு ஓடிவருகின்ற, சில வேளைகளில் ஒன்றும் செய்ய இயலாமல் நிற்கின்ற ஓர் இளைஞன்.

'மெட்டி ஒலி'யில் அவர் இயக்குநர் மட்டுமே. தயாரிப்பு சினி டைம்ஸ் நிறுவனத்தினுடையது. தொடர் முடிந்தபின் திரைப்படத்துக்குப் போனார். 2006 இல் 'எம் மகன்', 2008 இல் 'முனியாண்டி விலங்கியல் மூன்றாமாண்டு'. 'எம் மகன்' தந்தைக்கும் மகனுக்கும் உள்ள பிணக்கைச் சொன்ன படம், வரவேற்பும் பெற்றது. ஆனாலும் அவர் சின்னத்திரைக்கே திரும்பினார். இம்முறை திரு பிக்சர்ஸ் என்ற சொந்த நிறுவனத்தோடு. 2010 முதல் 2015 வரை ஓடிய 'நாதஸ்வரம்' ஆயிரத்து முந்நூறு அங்கங்களைத் தாண்டியது. காரைக்குடிப் பக்கத்து நாதஸ்வரக் கலைஞர்களின் கூட்டுக்குடும்பம், அண்ணனாக மௌலி, தம்பியாகப் 'பூவிலங்கு' மோகன். இதிலும் திருமுருகன் நடித்தார், பெயர் மறுபடியும் கோபி.

'நாதஸ்வரம்' தொடரின் ஆயிரமாவது அங்கத்தை 2014 மார்ச்சில் அவர் நேரடி ஒளிபரப்பாக, ஒரே ஷொட்டில், வெட்டு எதுவுமின்றி எடுத்தார். இருபத்துமூன்று நிமிடங்களுக்கு மேல் நீண்ட அந்த அங்கம் கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. அதைச் சாதனை வெறி என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆயிரம் நாட்கள் துண்டு துண்டாகப் படமெடுத்து, துண்டுகளை ஒட்டி, விளம்பரத்துக்கு இடம்விட்டு வேலைசெய்த ஒரு மனிதர், ஒருநாளாவது தன் கலைஞர்களை மேடை நாடகத்தில் நிற்பதுபோல நிறுத்தி, ஒரு மூச்சில் ஒரு முழு அங்கத்தைச் செய்துபார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். கூத்தாடிகளின் மரபில் வந்தவர்களுக்கு அந்த ஆசை புரியும்.

4

இனி அம்மாவின் வாக்கியத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்துச் சீதனமும் தமிழ்நாட்டு வரதட்சணையும் ஒன்றல்ல. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் சீதனம் என்பது பெண்ணுக்குரிய ஆதனம். காணியும் வீடும் அவள் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பது எங்களிடம் வழமை. மாமியாரின் அடுப்படியில் மருமகள் படும் துன்பம் என்ற 'மெட்டி ஒலி'யின் மையம் அந்த அளவில் எங்கள் கிராமத்துக்கு அந்நியமானது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கமாகக் கொடுக்கும் 'டொனேசன்' இருபதாம் நூற்றாண்டில் உத்தியோக மாப்பிள்ளையோடு பெருத்தது. 1983 இற்குப் பின் வெளிநாட்டு மாப்பிள்ளையோடு அது பல மடங்காகியது. அந்த ரொக்கத்தைத் தேடுவதற்கென்றே வீட்டுக்கு ஒரு பெடியன் ஏஜென்சிக்குக் காசு கட்டி அனுப்பப்பட்டான். அவன் அகதியா, உழைக்கப் போனவனா என்ற கேள்வியைக் கனடாவின் குடிவரவு அதிகாரிகள் கேட்டார்கள். நாங்கள் எங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளவில்லை. குண்டும் உண்மை, தங்கச்சியின் சீதனமும் உண்மை.

நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன், பின்னர் இரவில் ஒரு தொழிற்சாலை. ஏழு ஆண்டுகளில் இரண்டு கலியாணங்கள் ஒப்பேறின. அதே ஏழு ஆண்டுகளில் பெண்விடுதலை பற்றி இரண்டு சஞ்சிகைகளில் எழுதினேன், சீதனம் ஒழியவேண்டும் என்று ஒரு கருத்தரங்கில் பேசினேன். உழைத்ததையும் எழுதியதையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வரவேற்பறையில் ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டு அம்மா வைத்துவிட்டார். குற்றம் சாட்டவில்லை. அவருடைய கணக்கில் சிதம்பரம் என்ற மனிதருக்கு இல்லாத ஒரு வசதி எங்கள் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

'டாலஸ்' தொடரை விரும்பிப் பார்த்த நெதர்லாந்துப் பெண்களின் கடிதங்களை வைத்து இயன் ஆங் 1980களில் ஓர் ஆய்வு செய்தார். அமெரிக்க எண்ணெய்ச் சீமான்களின் வாழ்க்கை தங்களுடையதல்ல என்பது அப்பெண்களுக்குத் தெரியும். ஆனால் அதிலுள்ள உணர்ச்சி மெய்யானது என்று அவர்கள் கண்டார்கள் என்பது அவருடைய வாதம். அம்மாவும் அவ்வாறே பார்த்தார். சென்னையின் மாமியார் கொடுமைக்கு ஊடாக அவர் வடமராட்சியின் சீதன உறுதிகளை வாசித்தார். நாங்கள் கீழே இருந்து 'செயலற்ற நுகர்வோர்' என்று பெயரிட்டவர்கள் மேலே விமர்சனம் செய்துகொண்டிருந்தார்கள்.

5

ஆனால் இங்கே கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது.

2018 இல் திருமுருகனின் 'கல்யாண வீடு' சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2019 மே மாதத்து அங்கங்களில், ஒரு பெண்ணைப் பழிவாங்கும் உபாயமாகக் கூட்டு வல்லுறவுக்கு ஏற்பாடு செய்வதாகக் காட்சிகள் வந்தன. முறைப்பாடுகள் எழுந்தன. இந்திய ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்கமைப்பான ஒளிபரப்பு உள்ளடக்க முறைப்பாட்டுக் குழு சன் தொலைக்காட்சிக்கு இரண்டரை இலட்சம் ரூபா அபராதம் விதித்ததோடு, வருத்தம் தெரிவித்து ஒளிபரப்பவும் பணித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் தொடருக்கு முன் அந்த அறிவித்தல் ஓடியது.

சரோவின் துயரத்தை அவ்வளவு பொறுமையோடு படம்பிடித்தவரின் நிறுவனத்திலிருந்து இது எப்படி வந்தது? அவருடைய ஒழுக்கத்தை இங்கிருந்து விசாரிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் மேலே சொன்ன குத்தகை முறையை நினைவில் கொண்டால் ஒன்று தெரிகிறது. தொடர் நாடகத்தின் மூலப்பொருள் பெண்ணின் துன்பம். ஆயிரம் அங்கங்களுக்கு அதை விநியோகிக்கவேண்டும். நேற்றைய அளவு துன்பம் இன்று பார்வையாளரைப் பிடிக்காது. போட்டிச் சானல்கள் பெருகப் பெருக, வெள்ளிக்கிழமையின் அதிர்ச்சி திங்கட்கிழமைக்கும் தேவைப்படுகிறது. சீதனக் கொடுமையைக் கண்டிக்கும் தொடர், அந்தக் கொடுமை தீர்ந்துவிட்டால் தானும் முடிந்துவிடும். ஆகவே அதைத் தீர்க்க இயலாது, பெருக்கத்தான் முடியும். இயக்குநரே தயாரிப்பாளராகும்போது அவர் சுதந்திரம் பெறுகிறார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் விளம்பரக் கணக்கும் அவர் தலையில் வந்து ஏறுகிறது.

அம்மா 'கல்யாண வீடு' பார்க்கவில்லை. "உவன் இப்ப கெட்டுப்போனான்" என்று ஒருமுறை சொன்னார், வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல. 2020 இல் பெருந்தொற்றில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது சன் தொலைக்காட்சி 'மெட்டி ஒலி'யை மறுபடியும் ஒளிபரப்பியது. எண்பத்துமூன்று வயதில் அம்மா அதை இரண்டாம் முறை பார்த்தார். இம்முறை நானும் பக்கத்தில் இருந்தேன். கீழே கூட்டம் கூட ஆட்கள் இல்லை.

6

கடைசியாக, நம்மைப் பற்றி.

நமது சீதனத்தைப் பற்றி நமது மண்ணில் எடுக்கப்பட்ட படம் ஒன்று உண்டு. 1977 இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுத்த 'பொன்மணி'. சாதியும் சீதனமும் ஒரு வேளாளக் குடும்பத்துப் பெண்களை எப்படி நெரிக்கின்றன என்பதே அதன் பொருள். அது நீண்டநாள் ஓடவில்லை. பிற்காலத்தில் சிங்களத் தொலைநாடகத்திலும் பெயர்பெற்ற பத்திராஜ 2018 இல் காலமானார். சிங்களத்தில் தொலைநாடகம் ஒரு தீவிரமான கலைவடிவமாக வளர்ந்ததையும், அதே தீவில் தமிழ்த் தொலைநாடகம் அந்த வளர்ச்சியைக் காணாததையும் போரை மட்டும் சொல்லி விளக்கிவிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ரொறன்ரோவில் தமிழ்த் தொலைக்காட்சிகள் வந்தன. நாடக முயற்சிகளும் இல்லாமலில்லை. ஆனால் ஒரு நாடகத்தை இங்கே எடுக்கும் செலவைவிடச் சென்னையிலிருந்து ஆயிரம் அங்கங்களைத் தருவிப்பது மலிவு. சந்தை சிறியது, விளம்பரம் கொடுப்பவர் அதே வீடு விற்பனை முகவரும் அதே நகைக்கடைக்காரரும்தான். இது உண்மையான தடை. ஆனால் அதைவிடப் பெரிய தடை இன்னொன்று இருப்பதாக நினைக்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் நிலக்கீழ் அறையில் இருந்தோம். எழுதப்படவேண்டிய கதை தெரிந்தவர்கள் மேலே இருந்தார்கள். தேநீர் வந்தபோது மட்டும் இரண்டும் சந்தித்தன.

சென்ற ஆண்டு என் தங்கச்சியின் மகளுக்கு மல்வேர்னில் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பகுதி சீதனம் கேட்கவில்லை, அது பழைய பழக்கம் என்றார்கள். வீட்டுக்கு முற்பணம் கட்டுவதில் பெண் பகுதி எவ்வளவு உதவும் என்று மட்டும் விசாரித்தார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த உரையாடலை அன்றிரவே எழுதி வைத்தேன். அது ஒரு தொடரின் முதலாவது அங்கமாகலாம். பதின்மூன்று அங்கங்களில் முடியக்கூடிய தொடர். இதைப்பற்றி வாசகர்கள் எழுதவேண்டும், குறிப்பாக மேலே இருந்து பார்த்தவர்கள்.